சென்னையில் மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு வீடு எடுக்கும்போது என்னென்ன உரிமைகள், பொறுப்புகள் உண்டு?

விடுதியை விட்டு வெளியேறி, நண்பர்கள் நால்வர் சேர்ந்து சென்னையில் வீடு எடுக்கவிருப்பதாகவும், சட்டப்படி எதைக் கேட்கலாம், எதற்குக் கட்டுப்பட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேளச்சேரியில் வாடகை வீட்டில் தங்கிப் படித்தவன் நான். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதை வரிவரியாகப் படியுங்கள் என்பதையே முதலில் வலியுறுத்துவேன்.

தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை, இந்தச் சட்டத்தின்கீழ் அரசு நியமித்த வாடகை அதிகார அமைப்பிடம் (Rent Authority) பதிவும் செய்ய வேண்டும். முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு எழுதிக்கொண்டால் போதும், பதிவெல்லாம் தேவையில்லை என்று புரோக்கர் சொன்னால் ஏற்காதீர்கள். உங்களில் எவருக்கேனும் 18 வயது நிரம்பவில்லை என்றால், அவருக்காகப் பெற்றோர் கையெழுத்திடுவதே சரி.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் கூறினாலும், இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் அது பொருந்தாது. ஆகவே பத்து மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு சட்டத்தைக் காட்டுவதில் பயனில்லை. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தரவேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

மாணவர்கள் அதிகமாகப் பணம் இழப்பது இந்தக் கழிவில்தான். நாங்கள் காலி செய்தபோது, பெயிண்டிங்குக்காக ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதாக உரிமையாளர் கூறினார். குடியேறிய அன்றே ஒவ்வொரு சுவரையும், குளியலறைக் கூரையில் இருந்த ஈரக்கறையையும், மின்மீட்டர் அளவையும் படமெடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தோம்; அவற்றை மீண்டும் காட்டியதும் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும், குழாய்களையும் வயரிங்கையும் மாற்றுவதும் உரிமையாளரின் பொறுப்பென்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி ஆகியவை உங்கள் பொறுப்பு. புழக்கத்தால் இயல்பாக ஏற்படும் தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. இதற்கு மாறாகப் பெயிண்டிங் செலவை உங்கள் மேல் சுமத்தும் வரி ஒப்பந்தத்தில் இருந்தால், அதை நீக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு எவ்வளவு, மெயின்டனன்ஸ் யார் கட்டுவது என்பவையும் எழுத்தில் வரட்டும்.

உரிமையாளர் முன்னறிவிப்பின்றி உள்ளே வந்து அறைகளைப் பார்க்க முடியாது. 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தகராறு எதுவானாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ அவர் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகார அமைப்பிடம் முறையிடலாம்.

அதே அளவுக்கு உங்கள் பக்கமும் ஒழுங்காக இருக்க வேண்டும். வாடகையை வங்கி வழியாகவே உரிய நாளில் செலுத்துங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது கேளுங்கள், அது உங்கள் உரிமை. வாடகை பாக்கி நீடித்தால், வீட்டைக் காலி செய்யக் கோரும் உரிமை அவருக்கு வந்துவிடும். உரிமையாளரின் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விடவும் முடியாது. நால்வரில் ஒருவர் நடுவில் வெளியேறி வேறொரு நண்பர் வருவதென்றால், அவர் பெட்டியோடு வந்து இறங்கும் முன்பே அந்த ஒப்புதலை வாங்கிவிடுங்கள். வெளியேறுபவரின் அட்வான்ஸ் பங்கை யார் திருப்பித் தருவது என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.