மறுமலர்ச்சிக் காலத்து வண்ண மரச்சொரூபங்கள்: கேள்வி பதில்

கேள்வி: இவ்வளவு நுட்பமாகச் செதுக்கிய மரத்தை ஏன் வண்ணத்தால் மறைத்தார்கள்?

பதில்: மறைத்தார்கள் என்பது பிழை. சிற்பி உளியைக் கீழே வைத்தபோது பாதி வேலைதான் முடிந்திருக்கும். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையில் சுண்ணப்பொடி கலந்த பூச்சைப் பலமுறை ஏற்றித் தேய்த்து, பொன் வேண்டிய இடங்களில் செம்மண் குழம்பு தடவி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டி மெருகேற்றிய பிறகே சொரூபம் பீடத்துக்குப் போகும். இந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் ஓவியரின் வேலை.

கேள்வி: சொரூபத்தின் பின்புறத்தைக் குடைந்தது மரத்தை மிச்சப்படுத்தவா?

பதில்: இல்லை, வெடிப்பைக் குறைக்க. உலரும் மரம், நடுவிலிருந்து வெளிநோக்கிய ஆரத்தின் வழியே சுருங்குவதைவிட, நடுவைச் சுற்றிய ஆண்டு வளையத்தின் வழியே அதிகம் சுருங்கும். நடுத்தண்டை எடுத்துவிட்டால் அந்த இழுவிசை தளரும்.

கேள்வி: எங்கள் வீட்டு மாதா சொரூபத்தை ஈரத் துணியால் துடைக்கலாமா?

பதில்: கூடாது. அடிப்பூச்சில் உள்ள பசை நீரில் இளகினால் வண்ணம் செதில் செதிலாக உதிரும்.

கேள்வி: இத்தாலியச் சிற்பி தொனத்தெல்லோவின் மகதலா மரியாள் வெறும் பழுப்பு மரந்தானே?

பதில்: நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். 1966 நவம்பர் 4 அன்று பிளாரன்ஸ் நகரை மூழ்கடித்த வெள்ளத்தில், ஞானஸ்நான ஆலயத்தில் நின்ற அந்தச் சொரூபமும் சிக்கியது. பின்னர் செப்பனிட்டவர்கள் பிற்காலப் பழுப்புப் பூச்சை நீக்கியபோது, தசை நிறமும் கூந்தலில் பொன்னும் வெளிப்பட்டன. தவத்தால் வற்றிய அந்த உடலின் சோகத்தையே பலர் வியந்திருந்தார்கள். அதன்மேல் பொன்னும் மின்னியது என்பது பொருளையே மாற்றிவிடுகிறது.

கேள்வி: ஜெர்மன் சிற்பி ரீமன்ஷ்னைடர் தம் மரச்சிற்பங்களை வண்ணமின்றியே விட்டாரே? நல்ல சிற்பத்துக்கு வண்ணம் வேண்டாம் என்பதற்கு அது சான்றல்லவா?

பதில்: அவசர முடிவு. ம்யூனர்ஸ்டாட் ஊருக்காக 1490 முதல் 1492 வரை அவர் செய்த மரச்சிற்பப் பீடத்தில் மரத்தின்மேல் நிறமேற்றிய மெல்லிய பூச்சு இருந்தது. கண்மணியும் உதடும் வண்ணம் பெற்றிருந்தன. அதை வெறும் மரம் என்பது சரியன்று.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் பின்னர் வந்து முழுதும் வண்ணம் பூசிய மற்றொரு ஜெர்மன் சிற்பி ஃபைட் ஷ்டோஸ் அதைக் கெடுத்தவர்தானே?

பதில்: 1504-இல் ஷ்டோஸ் அதற்கு வண்ணமும் பொன்னும் தீட்டியது உண்மை. அதற்கு முன்பே போலந்தின் கிராக்கோவ் நகரில் 1477 முதல் 1489 வரை உழைத்து, பொன்னும் நீலமும் ஒளிரும் மாபெரும் பீடத்தை முடித்தவர் அவர். அதே மனிதர் 1523-இல் முடித்த, இன்று பாம்பெர்க் பேராலயத்தில் உள்ள பீடம் வண்ணமின்றி நிற்கிறது. இரு முறைகளையும் அறிந்து கையாண்டவரை வண்ணக்கட்சி, மரக்கட்சி என ஒன்றில் அடைக்க இயலாது. நண்பர் மீண்டும் எழுதினால் இந்தப் பாம்பெர்க் பீடத்துக்கு விடை சொல்லிவிட்டு எழுதட்டும்.

கேள்வி: பழைய சொரூபம் என்ன விலை பெறும்?

பதில்: என் துறையன்று, ஏல மதிப்பீட்டாளரைக் கேளுங்கள்.

கேள்வி: ஆலிவ் எண்ணெய் தடவினால் பொலிவு வருமா?

பதில்: எண்ணெயும் கூடாது.

கேள்வி: சோப்பு நீர்?

பதில்: ஈரத் துணிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.