லாடத்தைக் கழற்றலாம், முதலில் தவிட்டை நிறுத்துங்கள்

கேள்வி: ஐயா, குமரி மாவட்டம் ஈத்தாமொழி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். போன வருஷம், கடற்கரையில் சவாரிக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து நாட்டுப் பெண்குதிரை ஒன்று வாங்கினேன். வயது எட்டு, எடை முந்நூறு கிலோ இருக்கும். எப்போதாவது பிள்ளைகள் ஏறுவார்கள், மற்றபடி வேலை கிடையாது. நாலு காலிலும் லாடம் இருக்கிறது. கடைசியாக மாற்றி மூன்று மாதம் ஆகிறது. ஆணி அடித்த இடத்தில் குளம்பு சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. முன்காலைத் தூக்கினால் நாற்றம். சரலில் (சரளைக் கல்லில்) நடக்கும்போது பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறாள். லாடமே வேண்டாம், வெறுங்காலில் விட்டால் எல்லாம் சரியாகும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். மாட்டுக்கு லாடம் அடிக்கிற பெரியவரோ, லாடமில்லாத குதிரை நொண்டிப் போகும் என்கிறார். மாட்டுத் தொழுவத்தில்தான் கட்டுகிறேன். தினம் நாலு கிலோ தவிடு, கொஞ்சம் தேங்காய்ப் பிண்ணாக்கு, கருப்பட்டித் தண்ணீர், வைக்கோல், கோ-4 புல் கொடுக்கிறேன். சக்கை (பலா) சீசனில் பழமும் மடலும் நன்றாகத் தின்றாள். படங்கள் அனுப்பியிருக்கிறேன். எது சரி?

பதில்: கழற்றலாம். கழற்றத்தான் வேண்டும். ஆனால் உங்கள் படங்களில் என் கண் முதலில் போனது லாடத்துக்கு அல்ல, குளம்பின் மேல் ஓடும் வளையங்களுக்கு.

முன்கால் குளம்பைப் பக்கவாட்டில் எடுத்த படத்தை மறுபடி பாருங்கள். மயிர் முடிகிற இடத்திலிருந்து கீழ்நோக்கி மேடும் பள்ளமுமாக வரிகள் தெரிகின்றன. ஆரோக்கியமான குளம்பிலும் வரி இருக்கும். முன்னாலும் பின்னாலும் ஒரே இடைவெளியில் ஓடும். உங்கள் குதிரைக்கு முன்பக்கம் நெருங்கியும், குதிகால் பக்கம் போகப் போக விசிறி மாதிரி விரிந்தும் இருக்கிறது. குளம்புக்கு உள்ளே அழற்சி வந்து போனதற்கு இதுதான் அடையாளம். லேமினைட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அளவுக்காக நீங்கள் பக்கத்தில் வைத்த தீப்பெட்டியை வைத்துக் கணக்குப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஆழமான வளையம் மயிர்க்கோட்டிலிருந்து நாலு சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. குதிரைக் குளம்பு மாதத்துக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். அப்படியென்றால் நாலைந்து மாதம் முன்னால். இப்போது ஐப்பசி, பின்னால் எண்ணிப் பாருங்கள், சரியாகச் சக்கை சீசனில் போய் நிற்கும்.

மாட்டுக்குக் கொடுப்பதைத்தானே கொடுத்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் சிக்கல். மாட்டுக்கு நாலு அறை வயிறு. தின்றது முதல் அறையிலேயே ஊறி நொதித்துவிடும். குதிரைக்கு இருப்பது ஒரே வயிறு, அதுவும் சிறியது. பெருங்குடல் பக்கம்தான் நார் நொதிக்கிற தொட்டி. மாவும் சர்க்கரையும் அளவுக்கு மிஞ்சி அங்கே போய்ச் சேர்ந்தால் புளித்து அமிலமாகிறது. ரத்தத்தில் இன்சுலினும் ஏறுகிறது. குளம்புச் சுவரை உள்ளே இருக்கிற எலும்போடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய மடிப்புகள் அதில் வீங்கிப் பிடி தளர்கின்றன. முற்றினால் அந்த எலும்பு கீழ்நோக்கித் திரும்பிவிடும். சக்கைப் பழம், கருப்பட்டி, தவிடு மூன்றும் சேர்ந்தால் வேறென்ன வேண்டும்?

தவிட்டில் இன்னொரு வம்பும் உண்டு. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். தலைகீழானால் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். தாடையும் முகத்து எலும்பும் ஊதிப்போகும், நடை விறைக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி முகம் ஊதிய மட்டக்குதிரை ஒன்றைப் பல்வலி என்று நினைத்து ஒரு வாரம் வீணாக்கினேன். தொட்டியில் என்ன இருக்கிறது என்று கடைசியில்தான் எட்டிப் பார்த்தேன். விளிம்பு வரை தவிடு! கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் அதிகம்; அதுவும் சுண்ணாம்பைக் கட்டிப்போடும். பசுவுக்கு நல்ல புல்தான். குதிரைக்கு அதையே நம்பக் கூடாது.

சரி, என்ன கொடுப்பது? கருப்பட்டித் தண்ணீரையும் பழ வகைகளையும் இன்றே நிறுத்துங்கள். தவிட்டையும் பிண்ணாக்கையும் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து விடுங்கள். குதிரைக்குத் தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். முந்நூறு கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் நாலரை முதல் ஆறு கிலோ வரை நார்த் தீவனம் வேண்டும். தோப்பில் அறுக்கிற சாதாரணப் புல்லும் வைக்கோலும் பாதிக்கு மேல் இருக்கட்டும். கோ-4 கால் பங்குக்கு மேல் வேண்டாம். வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனம் தினம் இரண்டு மூன்று கிலோ பச்சையாகக் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் சேரும். தோப்பு வரப்பிலேயே விதைத்துக்கொள்ளலாம். ஊறவைத்த கொள்ளு ஒரு கைப்பிடி போதும், அதில் உப்பு 30 கிராமும் தாது உப்புக் கலவையும் கலந்து வையுங்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் என்று பழமொழியே இருக்கிறது, மருந்தும் கூடவே உள்ளே போய்விடும். துத்தநாகமும் தாமிரமும் குளம்பு உறுதிக்கு முக்கியம். பயோட்டின் என்ற வைட்டமின் தினம் 20 மில்லிகிராம் என்பது வழக்கம். ஆனால் பலன் தெரிய ஒன்பது மாதமாவது ஆகும். ஒரு மாதம் கொடுத்துவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று விடுகிறவர்கள்தான் அதிகம்.

இனி நாற்றத்துக்கு வருவோம். காலைத் தூக்கினால் உள்ளங்காலின் நடுவே முக்கோணமாக, ரப்பர் மாதிரி ஒரு பகுதி இருக்கும்; ஃப்ராக் என்பார்கள். கால் ஊன்றும்போது அதிர்ச்சி தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு. அதன் இரு பக்கப் பள்ளங்களிலும் நடுப்பிளவிலும் கறுப்பாக, தார் மாதிரி கசிவது அழுகல். சாணமும் மூத்திரமும் ஊறிய ஈரத்தில் நிற்பதால் வருவது. முனை மழுங்கிய கொக்கியால் குதிகாலிலிருந்து முன்நுனி பக்கமாகத் தோண்டி எடுங்கள், எதிர்த் திசையில் வேண்டாம். தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்தி, போவிடோன் அயோடின் நனைத்த பஞ்சைப் பள்ளத்தில் திணித்து வையுங்கள். தினமும் இரண்டு வாரம். பழைய என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், ஃபார்மலின் எதுவும் வேண்டாம். மயில்துத்தம் பலர் போடுவார்கள். புண்ணான உயிர்ச்சதையில் பட்டால் அது வேகவைத்துவிடும்.

மருந்தைவிட முக்கியம் இடம். வெறுங்கால் பேச்சு இன்று உலகமெங்கும் பரவியதற்கு ஒரு காரணம், 1980களில் ஜெய்மி ஜாக்சன் என்ற அமெரிக்க லாடக்காரர் அங்குள்ள காட்டுக் குதிரைகளின் குளம்பைப் பார்த்து எழுதியது. லாடமும் இல்லை, அரமும் இல்லை, குளம்பு கல் மாதிரி இருந்தது. சரிதான். ஆனால் அவை வறண்ட கல்லுத்தரையில் நாளெல்லாம் மேய்ந்து நடக்கிற குதிரைகள். உங்களுடையது ஐப்பசி மழையில் சாணிக் குழம்பில் கயிற்றில் நிற்கிறது. நமக்கு ஆனி ஆடியிலும் சாரல், ஐப்பசி கார்த்திகையிலும் மழை. குளம்பு காய்வதற்கே நேரமில்லை. அந்த வீடியோக்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் செனபோன் என்ற கிரேக்கப் படைத்தலைவர், தொழுவத்துக்கு வெளியே உருண்டைக் கல் பரப்பி அதில் குதிரையை நிறுத்து என்று எழுதி வைத்தார். அப்போது ஆணி அடிக்கிற லாடமே வழக்கில் இல்லை.

ஆகவே தொழுவத்திலிருந்து பிரித்து, மேடான இடத்தில் கூரை போட்டு, தண்ணீர் வடிகிற மாதிரி மணல் விரியுங்கள். கால் தேறிய பிறகு ஒரு ஓரத்தில் உருண்டைக் கூழாங்கல் பரப்பலாம்; உடைத்த ஜல்லி ஆகாது, முனை குத்தும். தீவனத்தை மணலில் போடாதீர்கள், தொட்டியில் போடுங்கள். மணல் வயிற்றில் சேர்ந்தால் வலி வந்து உருளும். சந்தேகம் வந்தால் நாலு சாண உருண்டையை ஒரு கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் கரைத்து வையுங்கள். அரைமணி நேரத்தில் அடியில் மணல் படிந்தால் தெரிந்துவிடும்.

லாடத்தை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கழற்றி, வளர்ந்ததைச் செதுக்கி மாற்ற வேண்டும். மூன்று மாதம் ஆனதால்தான் ஆணி ஆடி ஆடி ஓட்டை பெரிதாகிப் பிளக்கிறது. இனி மழை நிற்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் கழற்றுவதற்கு முன் கால்நடை மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்கு அழைத்தால் வண்டியே தோப்புக்கு வரும். எக்ஸ்ரே வேண்டுமென்று சொன்னால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனுர்வாத ஊசி போட்டதில்லை என்றால் அதே நாளில் போட்டுவிடுங்கள். குதிரையைப் போல தனுர்வாதத்துக்குச் சீக்கிரம் மடங்குகிற பிராணி குறைவு. காலில் ஓர் ஆணி ஏறினாலே போதும்.

உங்கள் ஊர்ப் பெரியவரை நான் குறை சொல்லவில்லை. மாட்டுக்கு இரண்டு பிளவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு. அவர் கை அந்த வேலைக்குப் பழகிய கை. மடங்கிய ஆணி நுனிகளை நிமிர்த்தி ஒவ்வோர் ஆணியாக உருவச் சொல்லுங்கள். லாடத்தை மொத்தமாக நெம்பினால் இருக்கிற சுவரும் பெயர்ந்து வரும். கழற்றிய பிறகு விளிம்பை அரத்தால் உருட்டி விட்டால் போதும். உள்ளங்காலைச் செதுக்கவே கூடாது. ஃப்ராக்கில் செத்துத் தொங்குகிற பகுதியை மட்டும், அதுவும் டாக்டர் கையால். அப்புறம் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அரம் போட வேண்டும். வெறுங்கால் என்றால் கவனிக்காமல் விடுவது என்று அர்த்தமில்லை.

முதல் சில வாரம் சரலில் கூசத்தான் செய்வாள். மென்மையான தரையில் கால் மணி நேரத்தில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போங்கள். சங்குத்துறை உங்களுக்குப் பக்கம்தானே? அலை வந்து திரும்புகிற ஈர மணல் இறுக்கமாக இருக்கும், அதில் நடத்தலாம். மேலே உள்ள காய்ந்த மணலில் கால் புதையும், தசைநார் இழுத்துக்கொள்ளும். தார்ச்சாலையில் மதிய வெயிலில் கூடாது. பிள்ளைகள் இரண்டு மாதம் ஏற வேண்டாம். தினம் வண்டி இழுக்கிற குதிரையாக இருந்தால் நானே லாடம் போடச் சொல்லியிருப்பேன். லாடம் என்றாலே கொடுமை என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நடை பற்றிச் சொன்னதெல்லாம் அழற்சி அடங்கியிருக்கும்போதுதான். காலையில் போகும்போது குளம்பின் மேல் கை வைத்துப் பாருங்கள். அதற்கு மேலே உள்ள கணுவின் பின்புறம், இரண்டு ஓரத்திலும் விரலால் தடவினால் நாடி லேசாகத் தட்டும். தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடாமலே கைக்குத் தெரிகிற மாதிரி அடித்தால், குளம்பும் சுட்டால், முன்கால்களை முன்னே நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நின்றால் ஓர் அடி கூட நடத்தாதீர்கள். டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வருகிற வரை ஐஸ் போட்ட தண்ணீரில் கால்களை நிறுத்துங்கள். முதல் இரண்டு நாள் குளிர்ச்சி பெரிய உதவி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இரண்டாவது படத்தில் வேலியோரம் சிவப்பு அரளி பூத்திருக்கிறது. தோவாளைச் சந்தைக்குப் போகிற பூதான், ஆனால் அதன் இலை ஒரு கைப்பிடி போதும், காய்ந்ததானாலும் குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். கயிறு எட்டாத தூரத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் வெட்டுங்கள். வெட்டிய கிளையைத் தோப்பில் போட்டு வைக்காதீர்கள். மரச்சீனி (மரவள்ளி) இலையும் தோலும் வேண்டாம். கோழித்தீவனத்தில் கலக்கிற மோனென்சின் என்ற மருந்து குதிரைக்கு விஷம் என்பதால் அந்த மூட்டை பக்கமும் போகவிடாதீர்கள்.

பொங்கல் சமயத்தில் அதே முன்கால் குளம்பை, அதே பக்கத்திலிருந்து, அதே தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். மயிர்க்கோட்டுக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டருக்குப் புதிதாக வளர்ந்திருக்கும். அதில் வரி எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.