கணவர் படுக்கையில் இருக்கிறார், நான் வேலையை விடட்டுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் கணக்கு வேலை. கைக்கு 38,000 ரூபாய் வருகிறது. சாயப்பட்டறையில் 16 வருடம் சூப்பர்வைசராக இருந்த என் கணவருக்கு (44), ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மழையில் பைக் சறுக்கி முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வண்டி இன்சூரன்சில் இருந்த விபத்துக் காப்பீட்டில் 15 லட்சம் வந்தது. சேமிப்புக் கணக்கில் அப்படியே கிடக்கிறது. வீட்டுக் கடன் பாக்கி 6 லட்சம், தவணை 11,500. வீட்டுச் செலவு 15,000, கதீட்டர், டயப்பர், பிசியோதெரபி எல்லாம் சேர்த்து 9,000, பள்ளிக்கு 4,000. கடனை அடைக்கலாம் என்கிறார் கணவர். அவருடைய அண்ணனோ அவிநாசி பக்கம் சைட் வாங்கிப் போடச் சொல்கிறார். பகலில் பார்த்துக்கொண்டிருந்த மாமியாருக்கு இப்போது முடியவில்லை. உதவியாளர் 14,000 கேட்கிறார். எட்டாவது படிக்கும் மகள் டியூஷனை நிறுத்திவிட்டு மாலையில் அப்பாவைக் கவனிக்கிறாள். மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் மூன்றாவது. பேசாமல் நானே வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, வேலையை விடாதீர்கள். 14,000 மிச்சம் பிடிக்க 38,000-ஐ விடுவதாக ஆகிவிடும். கூடவே உங்கள் பி.எஃப். சேர்வதும் நின்றுபோகும், நாலு வருடம் கழித்துத் திரும்ப வேலை தேடும்போது இந்தச் சம்பளமும் கிடைக்காது. உதவியாளரை இந்த மாதமே வையுங்கள்.

இதை நான் அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆனது. ஆள் வைத்தால் செலவு என்று சித்தி எல்லாவற்றையும் தானே செய்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரி அலாரம் அடித்தால் சித்திக்கு முன்னால் அவர் மகள் எழுந்துவிடுவாள். அவளுக்கு அப்போது பதிமூன்று வயது. தூக்கக் கலக்கத்தோடு அப்பாவின் முழங்காலுக்கு நடுவே தலையணையைச் சொருகிவிட்டுப் போய்ப் படுப்பாள், காலையில் வகுப்பில் தூங்குவாள். மூன்றாம் வருடம் சித்திக்கு இடுப்பில் டிஸ்க் விலகியது. அதற்கப்புறம் அந்த வீட்டில் தூக்கிவிட வேண்டியவர்கள் இரண்டு பேர். உங்கள் மகள் டியூஷனை நிறுத்திவிட்டாள் என்று படித்ததும் எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. உதவியாளர் வந்த முதல் வாரமே அவளைத் திரும்ப டியூஷனுக்கு அனுப்புங்கள். அப்பாவோடு அவள் உட்கார்ந்து பேசட்டும், கேரம் ஆடட்டும். கதீட்டர் மாற்றுவது அவள் வேலையாக இருக்க வேண்டாம்.

சரி, 15 லட்சத்துக்கு வருவோம். உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. 6 லட்சம் கொடுத்துக் கடனை முடித்தால் மாதம் 11,500 கையில் நிற்கும். அதே 6 லட்சத்தை வேறு எந்தப் பாதுகாப்பான இடத்தில் போட்டாலும் மாதம் நாலாயிரத்தைத் தாண்டுவது கஷ்டம். வட்டி மாறுகிற கடனாக இருந்தால் முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் வாங்க முடியாது. சைட் வேண்டாம். அவருக்குத் திடீரென்று படுக்கைப் புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால், அன்றைக்குச் சைட்டை விற்க முடியாது. படுக்கைப் புண் சின்ன விஷயம் இல்லை, ஆறுவதற்கு மாதக்கணக்காகும். சக்கர நாற்காலியில் மடித்த போர்வையைப் போட்டு உட்கார வைத்திருந்தால், நல்ல குஷனும் காற்று மெத்தையும் முதலில் வாங்குங்கள்.

மீதி 9 லட்சத்தில் 3 லட்சம் வங்கி எஃப்.டி.யில் அவசரத்துக்கு இருக்கட்டும். 6 லட்சத்தை அஞ்சலகத்தின் மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரிலும் போடுங்கள். இப்போதைய 7.4 சதவீத வட்டியில் மாதம் 3,700 வரும். உங்கள் சம்பளத்தோடு சேர்த்தால் 41,700. தவணை போனபின், உதவியாளர் சம்பளத்தையும் சேர்த்து உங்கள் செலவு 42,000. ஏறக்குறைய சமம். அரசாங்கத்திடமிருந்து ஒரு ரூபாய்கூட வராத கணக்கு இது.

ஆனால் வர வேண்டியது நிறைய இருக்கிறது. பி.எஃப். கட்டியவர் வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக உழைக்க முடியாமல் போனால் 58 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஊனமுற்றோர் ஓய்வூதியம் உண்டு. ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலே போதும். உங்கள் கணவருக்கு 16 வருடமும் பி.எஃப். பிடித்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஓய்வூதியம் கணக்கிட எடுத்துக்கொள்ளும் சம்பளம் 15,000 என்றால், 16 ஆல் பெருக்கி 70 ஆல் வகுங்கள்: அதிகபட்சம் சுமார் 3,400. 2014-க்கு முந்தைய வருடங்களுக்குச் சம்பள வரம்பு குறைவு என்பதால் கொஞ்சம் குறையும். இதற்கு 10டி படிவம் கொடுக்க வேண்டும், மருத்துவக் குழுப் பரிசோதனையும் இருக்கும். பி.எஃப். இருப்பையும் இதே காரணம் காட்டி முழுதாக எடுக்கலாம்.

அப்புறம் அவருடைய பழைய பாஸ்புக்கை எடுத்து, விபத்துக்கு முந்தைய மே மாதக் கடைசியில் 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீடு. இரண்டு கால்களும் செயலிழந்தால் 2 லட்சம். தாமதமாகிவிட்டதுதான், இருந்தாலும் கிளையில் எழுதிக் கொடுங்கள். எல்.ஐ.சி. பாலிசி இருந்தால் அதில் விபத்து ஊன ரைடர் (பாலிசியோடு சேர்த்து எடுக்கும் கூடுதல் காப்பீடு) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விதிகளின்படி காப்பீட்டுத் தொகையைப் பத்து வருடத்துக்கு மாதத் தவணையாகத் தருவார்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இதற்கெல்லாம் முன்னால் அதுதான். கலெக்டர் அலுவலக வளாகத்தில் விசாரித்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். வருமானம் ஈட்டும் பெற்றோர் விபத்தில் நிரந்தரமாக முடங்கினால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெயரில் தமிழக அரசு 75,000 ரூபாய் வைப்பு போடுகிறது. உங்கள் மகனுடைய பள்ளித் தலைமையாசிரியரிடம் நாளைக்கே கேளுங்கள்.

வரிச் சலுகைக்காக எதையும் வாங்காதீர்கள். உங்கள் சம்பளத்துக்குப் புதிய வருமான வரி முறையில் வரியே வராது.

இனி உங்களைப் பற்றி. இந்த வீட்டில் இன்சூரன்ஸ் அவசியமாகத் தேவைப்படுகிறவர் நீங்கள். ஒரு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் ஆயுள் காப்பீடு), குறைந்தது 50 லட்சத்துக்கு, கணவரை நாமினியாகப் போட்டு எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. நீங்களும் ஸ்கூட்டியில்தான் வேலைக்குப் போவீர்கள் என்று நினைக்கிறேன். தனியாக ஒரு விபத்துக் காப்பீடும் வேண்டும்.

உங்கள் கணவருக்குக் கைகள் நன்றாக இருக்கின்றன, தலை தெளிவாக இருக்கிறது. வீட்டுக் கணக்கு நோட்டை அவரிடம் கொடுங்கள். கரன்ட் பில், பள்ளிக் கட்டணம், உதவியாளர் சம்பளம் எல்லாம் அவர் போனிலிருந்து போகட்டும். நாலு மணிக்கு மகன் பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடி வரும்போது அப்பா வீட்டில் இருக்கிறார், வாய்ப்பாடு ஒப்பிக்க. அண்ணனுக்குச் சைட் வேண்டாம் என்ற பதிலையும் அவரே சொல்லட்டும்.

கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அன்றைக்கு ஒரு வண்டி பிடித்து அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கிளையில் படி இருந்தால் முன்கூட்டியே மேலாளரிடம் சொல்லி வையுங்கள். பத்திரத்தை அவர் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும்.