சபையார் கீர்த்தனை பாடாமல் நிற்கிறார்களா? சுருதியைப் பாருங்கள்

முதலில் சுருதியை இறக்குங்கள். உங்கள் தேவாலயத்தில் கீபோர்டு வந்த பிறகு கீர்த்தனைக்குச் சபையார் வாய் திறப்பதில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் பாடகர் குழுவுக்கு வசதியான சுருதியில் வாசிப்பதுதான் காரணம், பல்லவிக்கு அடுத்து வரும் அனுபல்லவி மேலே ஏறும்போது பின்வரிசை ஆண்களும் வயதானவர்களும் அப்படியே நிறுத்திவிடுவார்கள்.

வரும் ஞாயிறு கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸில் மைனஸ் 2 (இரண்டு அரைச்சுரம் கீழே) வைத்துப் பாருங்கள். பல்லவியை இரண்டாம் முறை எடுக்கும்போது குழுவின் மைக்கைக் குறையுங்கள், சபையின் சத்தம் கேட்கிறதா என்று தெரிந்துவிடும்.

அப்புறம், நேரமில்லை என்று பல்லவியை வெட்டாதீர்கள். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனையானாலும் சரி, பாட்டுப் புத்தகம் இல்லாதவர் சேர்ந்துகொள்ளும் இடம் அதுதான்.

ரொம்பவும் இறக்கினால் பெண்கள் குரல் அமுங்கிவிடும். பாட்டே புதிது என்றால் சுருதி மாற்றிப் பயனில்லை, நாலு வாரம் அதையே பாடுங்கள்.