சங்கிலியை அறுத்து நாயை மீட்டால் திருட்டா?

கேள்வி: திருச்சி பக்கம் எங்கள் ஊர். பக்கத்து வீட்டுக்காரர் கொல்லைப்புறத்தில் ஒரு பெட்டை நாயை இரண்டு முழச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார். நிழல் கிடையாது. அவரும், பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகனும் பிளாஸ்டிக் பைப்பால் அதை அடிப்பார்கள். பத்து வாரத்துக்கு முன்னால் எங்கள் மொட்டை மாடியிலிருந்து போனில் படம் பிடித்தேன். சொல்லியும் பார்த்தோம், கேட்கவில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன் அவர்கள் கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டார்கள். இரண்டு நாளாக நாய்க்குத் தண்ணீர்கூட இல்லை. கழுத்துப் புண்ணில் புழு நெளிந்தது. நானும் தம்பியும் சுவர் ஏறிக் குதித்து, ஆக்சா பிளேடால் சங்கிலியை அறுத்து, அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இப்போது விலங்குக் காப்பகம் நடத்தும் என் தோழியிடம் இருக்கிறது. ஊர் திரும்பியவர் திருட்டுக் கேஸ் கொடுப்பேன் என்கிறார். தோழியோ, அவர் பேரும் முகமும் தெரிகிற மாதிரி வீடியோவைப் போட்டால் காப்பகம் பிரபலமாகும், கொட்டகை போடப் பணமும் சேரும் என்கிறாள். நான் திருடியா? நாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? வீடியோ போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த நாய் இன்று உயிரோடு இருப்பது உங்கள் இருவராலும்தான். புழு வைத்த கழுத்தோடு இன்னும் ஒரு நாள் வெயிலில் கிடந்திருந்தால் தாங்கியிருக்காது. ஆனால் மருத்துவரிடம் சேர்த்த அன்றே போலீசுக்கும் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போன அந்தப் பத்து நாளைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். இதைப் படித்து முடித்ததும் புகார் எழுத உட்காருங்கள்.

சட்டத்தின் கண்ணுக்கு நாய் ஓர் அசையும் சொத்து. எனக்கும் இது பிடிக்காத வார்த்தைதான், ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவுப்படி, ஒருவரிடம் இருக்கும் பொருளை அவர் சம்மதம் இல்லாமல் எடுத்தால் மட்டும் திருட்டு ஆகிவிடாது. நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்திருக்க வேண்டும். தனக்குத் தகாத லாபம் தேடுவதோ அடுத்தவருக்குத் தகாத நஷ்டம் உண்டாக்குவதோ அந்த எண்ணம். நீங்கள் நாயை நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனீர்கள். அங்கே பதிவான வெளிநோயாளிச் சீட்டுதான் இன்று உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம். விற்கவோ ஒளித்து வைக்கவோ எடுத்தவர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் தன் பேரைக் கொடுக்க மாட்டார்.

சுவர் ஏறிக் குதித்தது அத்துமீறல் ஆகுமா என்றால், அங்கேயும் குற்றம் செய்யும் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி. அதே சட்டத்தில் 19ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. பெரிய தீங்கைத் தடுப்பதற்காக, குற்ற எண்ணமின்றி, நல்லெண்ணத்தோடு செய்த செயல் குற்றமாகாது என்கிறது. ஆளுக்கோ சொத்துக்கோ வரும் தீங்கு என்று அது பேசுவதால், 'நாய் சொத்துதானே' என்று அவர் சொல்வதையே நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இது கோர்ட்டில் சொல்லும் பதில். போலீஸ் வாசலில் வந்து நிற்பதைத் தடுக்கும் கவசம் அல்ல. வீட்டுக்குள் புகுந்து திருடியதாக 305ஆம் பிரிவில் அவர் புகார் கொடுத்தால் அது ஜாமீனில் விட முடியாத குற்றம், ஏழு ஆண்டு வரை தண்டனை. அப்படி எஃப்.ஐ.ஆர். விழும் அறிகுறி தெரிந்தால் தாமதிக்காமல் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் இருவருக்கும் முன்ஜாமீன் போடுங்கள்.

இனி அவர் செய்தது. மிருகவதை தடுப்புச் சட்டம், 1960 என்பது கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பலன். அதன் 11ஆம் பிரிவைப் படித்தால் உங்கள் பக்கத்து வீட்டுக் கொல்லையைப் பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கும். அடிப்பது குற்றம். நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடமாட விடாமலிருப்பது தனிக் குற்றம். போதிய தீனி, தண்ணீர், நிழல் கொடுக்காததும் குற்றம். புகாரில் 'கொடுமை செய்தார்' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தேதியோடு தனித்தனியாக எழுதுங்கள்.

வேதனையான செய்தியும் உண்டு. முதல் தடவைக் குற்றத்துக்கு அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய். அதைவிட மோசம், இந்தக் குற்றங்களில் போலீஸ் மாஜிஸ்திரேட் உத்தரவின்றிப் புலன்விசாரணை நடத்த முடியாது. ஸ்டேஷனில் புகார் வந்தது என்பதற்கு மட்டும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, கோர்ட்டுக்குப் போங்கள் என்பார்கள். அதைக் கேட்டு மனம் தளர்ந்து வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் திரும்பாதீர்கள். நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு விலங்கைக் கொல்வது, நஞ்சு வைப்பது, ஊனப்படுத்துவது, பயனற்றதாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. இதில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். அடியில் காலோ கண்ணோ போயிருப்பதாக மருத்துவர் எழுதினால் இந்தப் பிரிவைக் கேட்கும் தகுதி உங்களுக்கு வரும். சொந்த நாயைத்தானே என்று அவர் தப்ப முடியாது. தனக்கே உரிய சொத்தைச் சேதப்படுத்துவதும் இந்தக் குற்றத்தில் அடங்கலாம் என்று சட்டத்தின் விளக்கவுரையே சொல்கிறது. ஆகவே காயச் சான்றிதழ் முக்கியம். புண்ணின் ஆழம், நாயின் எடை, பழைய எலும்பு முறிவு, காயம் எத்தனை நாள் பழையது என்பதையெல்லாம் எழுதித் தரும்படி கால்நடை உதவி மருத்துவரிடம் கேளுங்கள்.

கெடு ஒன்று இருக்கிறது, அதைத் தவறவே விடாதீர்கள். மிருகவதைச் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். நீங்கள் படம் பிடித்துப் பத்து வாரம் ஆகிவிட்டது. அந்த அடிக்கு வழக்குப் போட மூன்று வாரமே மிச்சம். ஸ்டேஷன் பதிலுக்குக் காத்திருந்தே அந்த மூன்று வாரமும் கரைந்துவிடும். புகாரைக் கொடுங்கள், நகலை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒரு வாரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் தனிப் புகாராகவும் தாக்கல் செய்யுங்கள். மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.

நாய் யாரிடம் இருக்கும் என்பதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்று தெரிகிறது. 1998இல் உச்ச நீதிமன்றம் ஒரு பிஞ்சரப்போல் (கால்நடைக் காப்பகம்) வழக்கில், காப்பகம் கேட்டாலே விலங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்று இல்லை என்றது. முதல் தடவைக் குற்றம் என்றால் உரிமையாளர் பக்கம் தராசு கொஞ்சம் சாயும். அதே தீர்ப்பில், விலங்கு எந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது, திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் வதைபடுமா என்பதையும் பார்க்கச் சொன்னது. இந்த இரண்டும்தான் உங்கள் பலம். 2017இல் வந்த விதிகள், வழக்கு முடியும்வரை விலங்கைக் காப்பகத்தில் வைக்கவும் பராமரிப்புச் செலவுக்குக் குற்றம் சாட்டப்பட்டவரிடமே பிணைப்பத்திரம் வாங்கவும் மாஜிஸ்திரேட்டுக்கு வழி செய்கின்றன. எனவே நாயை மறைக்காதீர்கள். அது எங்கே இருக்கிறது என்று புகாரிலேயே விலாசத்தோடு எழுதுங்கள். மறைத்தால் திருட்டு, சொன்னால் பராமரிப்பு. மிருகவதைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி போலீஸ் அதைக் கைப்பற்றியதாகப் பதிவு செய்து, உங்கள் தோழியின் காப்பகத்திலேயே ஒப்படைக்கக் கேட்டு மனுப் போடலாம். பிறகு அவர் தண்டிக்கப்பட்டால், 29ஆம் பிரிவின் கீழ் உரிமையையே பறிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி, 'இந்த நாய் மீது எனக்கு உரிமை இல்லை' என்று அவரிடம் கையெழுத்து வாங்க முடிந்தால் அதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் 'எழுதிக் கொடுக்காவிட்டால் வீடியோவைப் போட்டுவிடுவோம்' என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. மானத்தைக் காட்டிப் பயமுறுத்திச் சொத்தை எழுதி வாங்கினார்கள் என்று நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவில், மிரட்டிப் பறித்ததாக உங்கள் மீதே புகார் வரும்.

வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். இப்போது போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் காட்சியில் ஒரு பள்ளிப் பையன் இருக்கிறான். வழக்கு விசாரணை தொடர்பாக ஒரு சிறுவனின் பேர், படம், பள்ளி, விலாசம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாயை அடித்தவனுக்குச் சட்டத்தில் 50 ரூபாய், அவன் முகத்தைக் காட்டியவருக்கு 2 லட்சம் என்றால் உங்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் அந்தப் பையன் அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். ஊர் முழுக்க அவனைக் காறித் துப்பினால் அவன் நாய்களிடம் அன்பாகிவிடுவான் என்று நான் நம்பவில்லை.

அப்பாவின் முகத்தை மட்டும் போடலாமே என்பீர்கள். அவதூறுக்கு நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு இருக்கிறது, இரண்டு ஆண்டு வரை தண்டனை. அதில் உள்ள விலக்குகளில் ஒன்று, அதிகாரமுள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறாகாது என்பது. அதே வார்த்தைகளை இன்ஸ்டாகிராமில் போட்டால் அந்தக் குடை கிடையாது. உண்மை என்பதோடு பொதுநலன் என்பதையும் நீங்களே நிரூபிக்க வேண்டும். நன்கொடை கேட்கும் கியூ.ஆர். கோடு பக்கத்திலேயே இருந்தால் பொதுநலன் என்ற வாதம் பலவீனப்படும்.

வீடியோவே வீண் என்று சொல்லவில்லை. 2016 ஜூலையில் சென்னைப் புறநகரில் ஒரு மருத்துவ மாணவர் மாடியிலிருந்து நாயை வீசிய காட்சி பரவியதால்தான் அந்தக் கொடுமை வெளியே வந்தது, வழக்கும் வந்தது. அடிபட்ட நாயை உயிரோடு கண்டுபிடித்து பத்ரா என்று பேர் வைத்தார்கள். ஆனால் அங்கே செய்தவர் யார் என்றே தெரியாமல் தேட வேண்டியிருந்தது. உங்களுக்கு ஆள் யார், வீடு எது என்று எல்லாமே தெரியும். உங்கள் வீடியோ போக வேண்டிய இடம் நீதிமன்றம். அங்கே அது நிற்க வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் தேவை. வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த பிரதிக்கு அந்தச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. படம் பிடித்த அதே போனில் அசல் கோப்பை அப்படியே விட்டுவையுங்கள். போனை மாற்றாதீர்கள், வெட்டி ஒட்டாதீர்கள், பின்னணியில் பாட்டுச் சேர்க்காதீர்கள்.

தோழியின் காப்பகத்துக்குப் பேர் கிடைக்க வேண்டும் என்பது நல்ல ஆசை. அதற்கு நாயின் கதையே போதும். வந்த அன்று எப்படி இருந்தது, முதல் தடவை எப்போது வாலாட்டியது, இன்று எவ்வளவு சாப்பிடுகிறது, மருந்துக்கு எவ்வளவு ஆனது என்பதையெல்லாம் பில்லோடு போடுங்கள். பேர், தெரு, வீட்டு வாசல் எதுவும் வேண்டாம். வீட்டு எண் தெரியும் சுவர்கூடப் படத்தில் வரக் கூடாது. 'வழக்கு விசாரணையில் இருக்கிறது' என்ற ஒரு வரிக்கு மேல் குற்றத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

பணம் கேட்பதானால் தோழியின் சொந்த ஜி-பே எண்ணுக்கு வாங்காதீர்கள். பதிவு செய்த அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு வேண்டும். இந்த நாயின் சிகிச்சைக்கு என்று கேட்டு வாங்கிய பணத்தில் கொட்டகை போட்டால், நோக்கம் நல்லதாக இருந்தாலும் நம்பிக்கை மோசடி என்று யாராவது புகார் கொடுக்கலாம். கொட்டகைக்கு என்றால் கொட்டகைக்கு என்றே கேளுங்கள். சிங்கப்பூர், கனடா உறவுக்காரர்கள் அனுப்பத் துடிப்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், ஓ.சி.ஐ. எனும் வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

கடைசியாக, அறுத்த சங்கிலி எங்கே? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. வீட்டில் கிடந்தால் கழுவாதீர்கள், தூக்கிப் போடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் முடியும் சீழும் சாட்சி சொல்லும். இன்னொருவரை வைத்துக்கொண்டு நீளத்தை அளந்து, எடை போட்டு, காகிதப் பையில் வைத்துக் கட்டுங்கள். அது அவருடைய பொருள் என்பதால் நீங்களே வைத்துக்கொள்ளவும் கூடாது. நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய் எஸ்.ஐ.யிடம் ஒப்படைத்து, ரசீதில் 'ஒரு சங்கிலி, இத்தனை அங்குலம், இத்தனை கிலோ' என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.