மாடல் விமானத்தில் டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டினால் அடியில் வெள்ளி போல மின்னுகிறதே, ஏன்?

மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் மேலேயே ஒட்டியதுதான் காரணம். அந்தப் பரப்பு நுண்ணிய சொரசொரப்பு கொண்டது. அடியில் காற்று மாட்டிக்கொண்டு மின்னுகிறது. முதலில் பளபளப்பான கிளாஸி வார்னிஷ் அடித்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். இதில் மட்டும் அவசரமே வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். நம் தர்மபுரி போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். நான் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையே வெதுவெதுப்பாக்கிக்கொள்கிறேன். அரை நிமிடம் நனைத்து எடுத்து, தானாக வழுக்க ஆரம்பித்ததும் தாளிலிருந்து மாடல் மேல் நகர்த்துங்கள், உரிக்காதீர்கள். ஈரப் பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை ஒதுக்குங்கள்.

டெக்கால் சாஃப்ட்னர் என்ற திரவத்தைத் தடவினால் படலம் இளகி, மாடலில் உள்ள கோடுகளுக்குள் படியும். முதலில் சுருங்கும், பயமாக இருக்கும். தொடாதீர்கள், காயும்போது தானே சமமாகிவிடும். கடைசியில் மேட் வார்னிஷ்.