காலையில் தியானம், பத்து மணிக்குக் கோபம்: எங்கே விட்டுப்போகிறது?

கேள்வி: நான்கு மாதங்களாகத் தினமும் காலையில் 20 நிமிடம், ஒரு செயலியின் துணையோடு மூச்சுத் தியானம் செய்கிறேன். உட்கார்ந்திருக்கும்வரை நன்றாக இருக்கிறது. பத்து மணிக்கு மேலாளரிடமிருந்து முதல் செய்தி வந்ததும் எல்லாம் போய்விடுகிறது. மாலையில் வீட்டுப்பாடம் எழுதாத மகளிடம் கத்துகிறேன். தியானத்தின்போது எண்ணங்களும் நிற்பதில்லை. இதைத் தொடர்வதில் பயன் உண்டா? கத்திய பிறகு மகளிடம் மன்னிப்புக் கேட்கலாமா?

பதில்: பயன் உண்டு. ஆனால் நீங்கள் செய்துவருவது பாதிதான். அதுவும் சுலபமான பாதி. காலையில் விழுங்கிய மாத்திரை மாலைவரை வேலை செய்யும் என்பதைப்போல அந்த இருபது நிமிடத்தை நம்பியிருக்கிறீர்கள்.

முதலில் எண்ணங்களைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். இத்தகைய தியானத்தோடு சேர்த்து மைண்ட்ஃபுல்னெஸ் என்று நாம் கேள்விப்படுவதற்கு, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ‘சதி’ என்று பெயர். (தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் அமைந்துவிட்டதற்கு யாரையும் குறைசொல்ல முடியாது.) நினைவு என்பதுதான் அதன் வேர்ப்பொருள். துன்பத்திலிருந்து விடுபடப் புத்தர் காட்டிய எண்வழிப் பாதையில் ஏழாவதாக வரும் இதைத் தமிழில் நற்கடைப்பிடி என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். கடைப்பிடி என்றால் மறவாமல் பற்றியிருத்தல். மனத்தைக் காலிசெய்வது என்ற பொருள் இதில் எங்குமே இல்லை. மூச்சிலிருந்து மனம் நழுவி, அலுவலகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘அடடா, போய்விட்டதே’ என்று தெரிகிறது. திரும்பி வருகிறீர்கள். அந்தத் தெரிகிற நொடிதான் பயிற்சி. இருபது நிமிடத்தில் முப்பது முறை நழுவித் திரும்பினால், முப்பது முறை பயிற்சி நடந்திருக்கிறது.

இனி விட்டுப்போன பாதி. 1979இல் ஜான் கபாட்-ஜின் என்ற அமெரிக்கர், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நாள்பட்ட வலியோடு வருகிறவர்களுக்காக இந்தப் பயிற்சியை மதச் சாயல் இல்லாமல் வடிவமைத்தார். பிறகு அது எட்டு வாரப் பாடமாக உலகெங்கும் பரவியது. செயலிகள் வந்தபோது அதையும் சுருக்கிப் பத்து நிமிடக் குரல் பதிவாக்கிவிட்டன. மூலமான பௌத்தப் பயிற்சியில் கண்மூடி உட்கார்வது ஒரு பகுதி மட்டுமே. சதியை நிலைநிறுத்துவது பற்றிய ‘சதிபட்டான சுத்தம்’ என்ற உரையில் (‘சுத்தம்’ என்றால் பாலியில் புத்தரின் உரை) புத்தர் சொல்லும் பட்டியலைப் பாருங்கள்: நடக்கும்போது, திரும்பிப் பார்க்கும்போது, கையை மடக்கி நீட்டும்போது, உண்ணும்போது, மலசலம் கழிக்கும்போதுகூட, செய்வதை அறிந்து செய்ய வேண்டும். பட்டியலின் கடைசியில் வருபவை பேசுவதும் பேசாமலிருப்பதும். உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

துன்பம் எப்படி விளைகிறது என்பதைப் பௌத்தம் பன்னிரண்டு கண்ணிகள் கொண்ட சங்கிலியாகச் சொல்லும். மணிமேகலை அந்தக் கண்ணிகளுக்கு அழகான தமிழ்ப் பெயர்கள் தருகிறது. நமக்கு மூன்று போதும்: ஊறு, நுகர்வு, வேட்கை.

மேசையில் செல்போன் அதிர்கிறது. திரையில் மேலாளரின் பெயர். கீழே ‘இது என்ன?’ என்று இரண்டே சொற்கள். அது கண்ணில் படுவது ஊறு. படித்து முடிப்பதற்குள் மேல்வயிறு இறுகுகிறது, தோள் காதை நோக்கி ஏறுகிறது. பிடிக்கவில்லை. இது நுகர்வு. ‘எப்போதும் என்னைத்தான் கேட்பார்’ என்ற பழைய கதையும் பதிலடி கொடுக்கத் துடிக்கும் கட்டைவிரலும் அதற்குப் பிறகு வருபவை. அவை வேட்கையின் பக்கம். வேட்கை என்றால் வேண்டும் என்ற ஆசை மட்டும் அல்ல, இது ஒழிந்தால் போதும் என்ற தவிப்பும் அதில் அடக்கம்.

செய்தி வருவதை உங்களால் தடுக்க முடியாது. வயிறு இறுகுவதையும் தடுக்க முடியாது. இறுக்கத்துக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் மட்டும் ஓர் இடைவெளி இருக்கிறது. மிகச் சிறியதுதான், ஆனால் பழகப் பழக அகலமாகிறது. அங்கே என்ன செய்ய வேண்டும் என்றும் அந்தச் சதிபட்டான சுத்தம் சொல்கிறது: துன்பமாக உணரும்போது, துன்பமாக உணர்கிறேன் என்று அறிய வேண்டும். அதைப் போக்கச் சொல்லவில்லை. இன்பமாக மாற்றிக்கொள்ளவும் சொல்லவில்லை.

ஒரு வாரத்துக்கு இதை மட்டும் செய்யுங்கள். செல்போன் அதிரும்போது, கை அதை எடுக்கும் முன், உடம்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை, இரண்டும் இல்லை. இந்த மூன்றில் ஒன்றை மனத்துக்குள் சொல்லிவிட்டு எடுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். கோபமாகப் பதில் அனுப்புவதாக இருந்தாலும், பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அடுத்த வாரம் பதிலுக்கு வாருங்கள். நல்ல பேச்சுக்குப் புத்தர் ஐந்து இலக்கணம் சொன்னார்: உரிய நேரம், உண்மை, மென்மை, பயன், அன்புள்ளம். என் அனுபவத்தில் அலுவலகச் செய்திகள் பெரும்பாலும் முதல் தேர்விலேயே தோற்றுவிடும். சொல்வது உண்மையாகத்தான் இருக்கும், நேரம்தான் சரியிருக்காது. எழுதி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் படித்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் பணிந்துபோவது என்று பொருள் கொள்ளாதீர்கள். உங்கள் மேலாளர் நேரம் காலம் இல்லாமல் அவமதித்து எழுதுகிறவராக இருந்தால், செய்திகளைச் சேமித்துவைத்து முறையாகப் புகார் செய்வதுதான் வழி. ஊழியர்கள் எதையும் தாங்கிக்கொள்வதற்கான பயிற்சியாகத் தியானத்தை விற்கும் நிறுவனங்களைக் கண்டால் எனக்கே நுகர்வு ‘பிடிக்கவில்லை’ என்றுதான் வரும்.

மகள் விஷயத்தை வேண்டுமென்றே தள்ளிவைத்தேன். நெருங்கியவர்களிடம் அந்த இடைவெளி மிகவும் குறுகல். அங்கே தொடங்கினால் சலித்துப்போவீர்கள். புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்னது இங்கே உதவும். கண்ணாடி எதற்கு என்று கேட்டார். பார்த்துக்கொள்வதற்கு என்றான் ராகுலன். அதைப்போலவே ஒரு செயலை அதைச் செய்யும் முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் பார்க்கச் சொன்னார். பயிற்சியில் இந்த வரிசை தலைகீழாகத்தான் வந்து சேரும். முதலில், கத்திய பிறகு தெரியும். சில மாதங்களில் பாதி வாக்கியத்தில் தெரியும். வாய் திறந்தபடி நிற்பீர்கள், அவள் உங்களை விசித்திரமாகப் பார்ப்பாள். முன்கூட்டித் தெரிவது கடைசியில்தான் வரும். நீங்கள் எனக்கு எழுதியிருப்பதே முதல் படியில் நிற்பதற்கு அடையாளம்.

ஒரு முன்னெச்சரிக்கை. கண்மூடி உட்காரும்போது பழைய கொடுமை ஏதேனும் நினைவில் எழுந்து படபடப்போ மரத்துப்போன உணர்வோ வந்தால் கண்ணைத் திறந்து, காலைத் தரையில் ஊன்றி, அதோடு நிறுத்திவிடுங்கள். அது தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள் தியானத்தை நம்பி அதை நிறுத்தக் கூடாது. செயலியில் ‘தொடர்ந்து இத்தனை நாள்’ என்று எண்ணிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். அது வேட்கைக்கு மட்டுமே பயிற்சி தருகிறது.

மன்னிப்புக் கேட்கலாமா என்றால், கேட்கலாம், அன்றிரவே கேளுங்கள். தவறிய செயலை மறைக்காமல் சொல்லிவிட்டு இனிக் காத்துக்கொள் என்றுதான் ராகுலனுக்கும் சொல்லப்பட்டது. ‘நான் கத்தியது தவறு’ என்ற ஒரு வாக்கியம் போதும். வீட்டுப்பாடத்தைப் பற்றி மறுநாள் பேசிக்கொள்ளலாம். ‘ஆனால் நீயும்...’ என்று நாக்கின் நுனிக்கு வரும். வயிற்றைப் பாருங்கள், அங்கே ஏதோ இறுகியிருக்கும்.